முட்டை வெள்ளையில் தொடங்குவோம்: புரத மாஸ் ஸ்பெக் டேட்டாவைக் கணினியில் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியல், பயோடெக்னாலஜி படிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, சாம்பிளை வெளியூர் லேபுக்கு அனுப்பினோமுங்க. பன்னிரண்டு ஃபைலும் ஒரு எக்செல் ஷீட்டும் வந்திருக்குது. இதை வெச்சு என்ன பண்றது?" போன வருடம் நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு பெண்ணும் இதையேதான் கேட்டாள். வீட்டில் கோழிப்பண்ணை, அவளுடைய ஆய்வும் முட்டை வெள்ளைக்கருவைப் பற்றியது. எக்செலில் நூற்றுக்கணக்கான புரதப் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவற்றை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "இந்தப் பட்டியலில் எத்தனை பெயர் பொய்யாக இருக்கும் என்று நினைக்கிறாய்?"

இந்தக் கேள்விக்குத் தானே கணக்குப் போட்டுப் பதில் சொல்லத் தெரிந்தால், புரோட்டியோமிக்ஸ் (ஒரு சாம்பிளில் உள்ள புரதங்களை மொத்தமாக ஆராய்வது) டேட்டா பகுப்பாய்வு தெரியும் என்று அர்த்தம். மென்பொருளை ஓட்டுவது ஒரு வாரத்தில் கைவந்துவிடும். அது கொடுக்கிற விடையை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதனால் இந்த வழிகாட்டியில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதைக் குறைவாகவும், ஏன் அழுத்துகிறோம் என்பதை அதிகமாகவும் சொல்லப்போகிறேன்.

தேவையானவை: பள்ளியில் படித்த வேதியியல், 16 ஜிபி ரேம் உள்ள ஒரு லேப்டாப், ஆர் அல்லது பைத்தானில் ஒரு அட்டவணையைத் திறந்து வடிகட்டும் அளவுக்குப் பழக்கம். ஆர், பைத்தான் தெரியாவிட்டால் முதல் இரண்டு மாதம் அது இல்லாமலே ஓட்டலாம். கீழே வருகிற மென்பொருள்களை எல்லாம் கல்வி ஆய்வுக்குக் காசில்லாமல் பெற்றுக்கொள்ளலாம்.

முதலில், மெஷின் உண்மையில் எதை அளக்கிறது

மெஷின் என்று நான் சொல்வது எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை. புரதத்தை முழுதாக அளப்பது கடினம் என்பதால் டிரிப்சின் என்ற நொதியால் வெட்டுகிறோம். லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கு அடுத்துத்தான் அது வெட்டும்; அதற்குப் பின்னால் புரோலின் இருந்தால் பெரும்பாலும் வெட்டாது. இப்படி ஓர் ஒழுங்கோடு வெட்டுவதால்தான் கணினியால் துண்டுகளை முன்கூட்டியே கணக்கிட முடிகிறது. துண்டுகளுக்குப் பெயர் பெப்டைடு.

இந்தத் துண்டுகள் ஒரு மெல்லிய குரோமட்டோகிராஃபி குழாய் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து, மின்புலத்தில் நுண்துளிகளாகத் தெறித்து, மின்னூட்டம் பெற்ற அயனிகளாகின்றன. இந்த எலக்ட்ரோஸ்பிரே முறைக்காக ஜான் ஃபென், லேசரால் புரதங்களை அயனியாக்கிய முறைக்காக கொய்ச்சி தனக்கா, இருவரும் 2002 வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். பெரிய மூலக்கூறு உடையாமல் மெஷினுக்குள் போகும் வழி இந்த முறைகளால்தான் நன்றாகத் திறந்தது.

உள்ளே இரண்டு அளவீடு நடக்கிறது. முதலில் அந்த நொடியில் வந்துசேர்ந்த எல்லாப் பெப்டைடுகளும் முழுதாக அளக்கப்படும். அப்புறம் அவற்றில் வலுவானதாகத் தெரிகிற சிலவற்றைத் தனித்தனியாகப் பிடித்து, வாயுவில் மோதி உடைத்து, உடைந்த சில்லுகளை அளக்கும். ஒவ்வோர் அளவீடும் எடைவாரியாகச் சிகரங்கள் நிற்கிற ஒரு வரைபடம், அதன் பெயர் ஸ்பெக்ட்ரம். ஒரு மணி நேர ஓட்டத்தில் இப்படி உடைத்து அளந்த ஸ்பெக்ட்ரம்கள் பல்லாயிரம் சேர்ந்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. மெஷின் காட்டுவது எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண். மின்னூட்டம் எத்தனை என்று எப்படித் தெரியும்? கார்பனில் சுமார் நூற்றில் ஒன்று கார்பன்-13. அதனால் ஒவ்வொரு பெப்டைடுக்கும் பக்கத்திலேயே 1.00335 டால்டன் (அணு, மூலக்கூறு எடையின் அலகு) கூடுதலான ஒரு நிழல் சிகரம் வரும். இரண்டு சிகரத்துக்கும் நடுவில் இடைவெளி 1 என்றால் ஒரு மின்னூட்டம், 0.5 என்றால் இரண்டு, 0.33 என்றால் மூன்று.

ஒரே ஒரு பெப்டைடைக் கையால் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் பிறகு திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு சாயங்காலம் போதும். தாளும் கால்குலேட்டரும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோழி முட்டை வெள்ளையில் லைசோசைம் என்ற புரதம் உண்டு. 129 அமினோ அமிலங்கள். டிரிப்சின் வெட்டினால் அதிலிருந்து வருகிற ஒரு துண்டு இது: ஹிஸ்டிடின், கிளைசின், லியூசின், அஸ்பார்டிக் அமிலம், அஸ்பராஜின், டைரோசின், ஆர்ஜினின். ஏழே எழுத்து. எடைகள் வரிசையாக 137.05891, 57.02146, 113.08406, 115.02694, 114.04293, 163.06333, 156.10111. கூட்டினால் 855.39874. இரண்டு முனைக்கும் சேர்த்து ஒரு தண்ணீர் மூலக்கூறு, 18.01056. ஆக 873.4093 டால்டன்.

இது இரண்டு புரோட்டான்களை ஏற்றுக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புரோட்டான் ஒன்றின் எடை 1.00728. இரண்டைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 437.712. மெஷின் திரையில் நீங்கள் தேட வேண்டிய எண் இதுதான். 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) பிழையை அனுமதித்தால் இரண்டு பக்கமும் 0.0044 தள்ளி இருக்கலாம், அவ்வளவுதான். இந்த மெஷின்களின் துல்லியம் எனக்கு இன்றைக்கும் வியப்பு.

இப்போது உடைப்போம். பெப்டைடு பெரும்பாலும் அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பில் உடையும். முன்பக்கம் மின்னூட்டத்தோடு நின்றால் அது பி அயனி, பின்பக்கம் நின்றால் ஒய் அயனி. கடைசியில் இருக்கிற ஆர்ஜினின் மட்டும் தனியாக வந்தால் 156.10111 உடன் தண்ணீரும் புரோட்டானும் சேர்ந்து 175.119. அதோடு டைரோசின் சேர்ந்தால் 338.182. அஸ்பராஜின் சேர்ந்தால் 452.225. அடுத்து 567.252, 680.336, 737.358. இந்த ஆறும்தான் ஒய் ஒன்று முதல் ஒய் ஆறு வரை. ஏணிப்படி மாதிரி ஏறிப்போகிறது. இரண்டு படிக்கு நடுவில் உள்ள வித்தியாசம் எந்த அமினோ அமிலத்தின் எடையோ, அதுதான் அந்த இடத்தில் இருக்கிறது. பெப்டைடின் வரிசையைப் படிப்பது என்றால் இதுதான்.

ஒரு சின்னக் குறிப்பும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரத்தின் இடது ஓரத்தில் 175.119 இருந்தால் பெப்டைடு ஆர்ஜினினில் முடிகிறது; 147.113 இருந்தால் லைசினில். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

கையால் போட்டால்தான் இந்த முறையின் எல்லையும் தெரியும். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எடை. எவ்வளவு விலையுயர்ந்த மெஷினாக இருந்தாலும் எடையை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டு கிளைசின் சேர்ந்தால் ஒரு அஸ்பராஜின் எடை. லைசினுக்கும் குளுட்டமினுக்கும் 0.036 டால்டன்தான் வித்தியாசம். அஸ்பராஜின் டீஅமிடேஷன் ஆனால், அதாவது வேதிமாற்றத்தால் அஸ்பார்டிக் அமிலமாக மாறினால், 0.984 கூடும், கார்பன்-13 நிழல் சிகரமோ 1.003 தள்ளி நிற்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "மாற்றம் கண்டுபிடித்தோம்" என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

ஃபைலைத் திறப்பது

உங்களிடம் சொந்த டேட்டா இல்லையென்றால் கவலை வேண்டாம். இங்கிலாந்தின் ஹின்க்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் நடத்துகிற பிரைட் என்ற களஞ்சியத்தில் உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் போட்டுவைத்த மூல ஃபைல்கள் எவருக்கும் திறந்திருக்கின்றன. கோழி முட்டை என்று தேடினாலே கிடைக்கும்.

மூல ஃபைல் ஒவ்வொரு கம்பெனி மெஷினுக்கும் ஒரு வடிவத்தில் இருக்கும். புரோட்டியோவிசார்ட் தொகுப்பில் வருகிற எம்எஸ்கன்வெர்ட் இவற்றை எம்இசட்எம்எல் என்ற பொது வடிவுக்கு மாற்றித் தரும். மாற்றும்போது சிகரங்களைப் பொறுக்கும் பீக் பிக்கிங் வடிகட்டியை பட்டியலில் முதலாவதாக வையுங்கள். அது இரண்டாவதாகப் போனால் மெஷின் கம்பெனியின் நல்ல முறை வேலை செய்யாது. சில மெஷின்களின் "ஃபைல்" உண்மையில் ஒரு ஃபோல்டர். பென் டிரைவில் பாதி மட்டும் நகலெடுத்துக்கொண்டு வந்து முழிக்காமல், அங்கேயே ஜிப் செய்து வாங்குங்கள்.

எந்தப் புரதப் பட்டியலோடு ஒப்பிடுவது

கணினி ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்து வரிசையை யோசித்து எழுதுவதில்லை. நீங்கள் கொடுக்கிற ஃபாஸ்டா ஃபைலில் (புரத வரிசைகளை எழுத்துகளாக எழுதிய பட்டியல்) உள்ள எல்லாப் புரதங்களையும் டிரிப்சின் மாதிரியே வெட்டி, மேலே நாம் போட்ட கணக்கை லட்சக்கணக்கில் போட்டு, எது அதிகம் பொருந்துகிறது என்று பார்க்கிறது. பட்டியலில் இல்லாத புரதம் சாம்பிளில் இருந்தாலும் கண்ணில் படாது.

யூனிபுரோட் என்ற புரதத் தகவல் தளத்தில் மனிதனுக்குக் கையால் சரிபார்த்த பதிவுகள் சுமார் 20,400 இருக்கின்றன. கோழிக்கு 2,000-க்குச் சற்று மேல்தான். அதனால் கோழிக்குச் சரிபார்க்காத பதிவுகளையும் சேர்த்த முழுப் புரோட்டியோமை (ஓர் உயிரினத்தின் எல்லாப் புரதங்களின் தொகுப்பு) எடுக்க வேண்டும். நம் ஊர் மஞ்சளுக்கு வந்தால் நிலைமை இன்னும் கடினம். குர்குமினை உருவாக்கும் நொதிகள் போன்ற சில புரதங்களைத் தவிர சரிபார்த்த பதிவு மிகக் குறைவு. ஈரோட்டு மஞ்சளில் வேலை செய்கிறவர்கள் ஆர்என்ஏ வரிசை டேட்டாவை மொழிபெயர்த்துச் சொந்தமாகப் பட்டியல் செய்துகொள்வதுதான் வழி. நெருங்கிய இனத்தின் பட்டியலை வைத்து ஒப்பேற்றலாம் என்று சிலர் சொல்வார்கள், ஓரளவுக்குத்தான் போகும். ஓர் அமினோ அமிலம் மாறினாலும் எடை மாறிவிடும், அந்தப் பெப்டைடு கைநழுவிவிடும்.

இதோடு கலப்படப் பட்டியல் ஒன்றையும் சேர்க்க வேண்டும். நம் தோலும் முடியும் உதிர்க்கும் கெரட்டின், வெட்டப் பயன்பட்ட டிரிப்சின், லேபில் எங்கும் இருக்கிற மாட்டு சீரம் அல்புமின் எல்லாம் அதில் இருக்கும். சேர்க்காவிட்டால் கெரட்டினின் ஸ்பெக்ட்ரம்கள் வேறு ஏதாவது புரதத்தின் பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கொங்கு நாட்டு ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். காங்கேயம் மாட்டுப் பாலை ஆராய்கிறீர்கள் என்று வையுங்கள். மேக்ஸ்குவான்ட் என்ற தேடல் மென்பொருளோடு வருகிற கலப்படப் பட்டியலில் மாட்டுப் புரதங்கள் நிறைய இருக்கின்றன, ஏனென்றால் செல் வளர்ப்பவர்கள் கன்றின் சீரத்தைப் பயன்படுத்துகிறார்கள். "கலப்படம்" என்று குறியிட்டதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால், உங்கள் பாலின் முக்கியப் புரதங்களையே குப்பையில் போட்டதாகிவிடும். முட்டைக்கும் இதே ஆபத்து. கோழி லைசோசைம் சில கலப்படப் பட்டியல்களில் இருக்கிறது. பட்டியலைத் திறந்து, உங்கள் உயிரினத்தின் புரதங்களை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

தேடல்

மேக்ஸ்குவான்ட் 2008-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பிறந்தது. எம்எஸ்ஃபிராகர் 2017-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வந்தது. அதை ஃபிராக்பைப் என்ற முகப்பு வழியாக ஓட்டுகிறோம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் ஃபிராக்பைப்பைத்தான் சொல்வேன். வேகமாக ஓடும், தவறு செய்து திரும்ப ஓட்டிப் பார்க்க மனம் வரும்.

அமைப்புகளில் நான்கைந்து மட்டுமே உங்கள் மூளையைக் கேட்கும். ஆர்பிட்ராப் வகை மெஷினுக்கு முழுப் பெப்டைடுக்கும் சில்லுக்கும் 20 பிபிஎம். சில்லுகளை அயன் டிராப்பில் அளந்திருந்தால் அதற்கு மட்டும் 0.5 டால்டன் அளவுக்கு விட வேண்டும். டிரிப்சின் வெட்டத் தவறிய இடங்கள் இரண்டு வரை அனுமதி. சிஸ்டீனுக்கு 57.02146 நிரந்தரக் கூடுதல். மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் 15.99491, புரத முனை அசிட்டைல் 42.01057 இரண்டும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற வகை.

அந்த 57.02146 எங்கிருந்து வருகிறது? சாம்பிள் தயாரிக்கும்போது சிஸ்டீன்களை மூட அயோடோஅசிட்டமைடு போடுவதால். உங்கள் லேப் வேறு மருந்து போட்டிருந்தால் எண்ணும் வேறு. லைசோசைமில் எட்டு சிஸ்டீன்கள் இருக்கின்றன. இந்த ஓர் எண்ணைத் தவறாகக் கொடுத்தால் அந்தத் துண்டுகள் அத்தனையும் காணாமல் போகும். சாம்பிள் அனுப்பின அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றங்களை ஆசைக்குச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொன்றும் தேடல் வெளியைப் பெருக்கும், தற்செயல் பொருத்தமும் கூடவே பெருகும். முட்டை வெள்ளையில் பாதிக்கு மேல் ஓவல்புமின். அதில் 68-ஆவது, 344-ஆவது செரின்களில் பாஸ்பேட் ஏறும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆகவே முட்டை சாம்பிளுக்கு 79.96633 சேர்த்து ஒரு தனித் தேடல் ஓட்டிப் பார்ப்பது அருமையான பயிற்சி. தெரிந்த விடையை உங்கள் அமைப்பு கண்டுபிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

பொய்யை எண்ணுவது

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். நிதானமாகப் படியுங்கள்.

1994-இல் செக்வெஸ்ட் என்ற முதல் தேடல் மென்பொருள் வந்ததிலிருந்து ஒரு சிக்கல் கூடவே இருக்கிறது. எந்த ஸ்பெக்ட்ரத்தைக் கொடுத்தாலும் ஏதாவது ஒரு பெப்டைடு "மிகச் சிறந்த பொருத்தம்" என்று வந்து நிற்கும். வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் வரும். எவ்வளவு பொருந்துகிறது என்று மென்பொருள் ஒரு மதிப்பெண் கொடுக்கும். அது எவ்வளவு இருந்தால் நம்பலாம்?

ஒருவர் "எங்க ஊர்ல எல்லாரையும் எனக்குத் தெரியும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சோதிக்க என்ன செய்யலாம்? ஊரில் உண்மையாக இருக்கிற 1,000 பேரின் பெயரோடு, நாமே கற்பனையாக உண்டாக்கிய 1,000 பெயரையும் கலந்து கொடுக்கலாம். "தெரியும்" என்று 500 பெயரைக் குறிக்கிறார். அதில் 20 கற்பனைப் பெயர். அப்படியென்றால் அவர் ஊகத்தில் குறித்தது உண்மைப் பட்டியலிலும் ஏறத்தாழ 20 இருக்கும். 480 உண்மைப் பெயரில் 20 ஊகம். சுமார் 4 விழுக்காடு.

டிகாய் (ஏமாற்றுப் பொய்) முறை இதேதான். ஒவ்வொரு புரத வரிசையையும் தலைகீழாகத் திருப்பி எழுதி, அதே எண்ணிக்கையில் பொய்ப் புரதங்களைப் பட்டியலில் கலக்கிறோம். எடையும் நீளமும் உண்மை மாதிரியே இருக்கும். ஆனால் இயற்கையில் கிடையாது. பொய்ப் புரதத்தில் எத்தனை ஸ்பெக்ட்ரம் போய் விழுகிறதோ, உண்மைப் பக்கத்திலும் ஏறத்தாழ அத்தனை தவறு. பொய் விகிதம் 1 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை மதிப்பெண் எல்லையை ஏற்றிக்கொண்டே போகிறோம். இந்த விகிதத்துக்குத்தான் எஃப்டிஆர் என்று பெயர். 2007-இல் வந்த பெர்கொலேட்டர் என்ற மென்பொருள், மதிப்பெண்ணோடு எடைப் பிழை, மின்னூட்டம் போன்ற பல அடையாளங்களையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு உண்மையையும் பொய்யையும் இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறது. ஃபிராக்பைப்பிலும் அது உண்டு.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்பெக்ட்ரம் அளவில் 1 விழுக்காடு என்றால் புரத அளவிலும் 1 விழுக்காடு என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்குப் போடுங்கள். 10,000 ஸ்பெக்ட்ரம் தேறியது, 100 தவறு என்று வைப்போம். சரியான 9,900-உம் சாம்பிளில் நிஜமாகவே இருக்கிற 1,500 புரதங்களின் மேல் குவியும். தவறான 100 அப்படிக் குவியாது. பட்டியல் முழுவதும் சிதறி, ஆளுக்கொரு புரதத்தின் மேல் விழும். ஆக 1,600 புரதப் பெயரில் 100 பொய். 6 விழுக்காட்டுக்கு மேல். இன்னும் பத்து ஓட்டம் சேர்த்தால் உண்மைப் புரதங்கள் அதே 1,500 பக்கம்தான் நிற்கும், பொய் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இது ஏதோ மாணவர் செய்கிற பிழை என்று எண்ண வேண்டாம். 2014-இல் நேச்சர் இதழில் மனிதப் புரோட்டியோமின் இரண்டு வரைவுகள் ஒன்றாக வெளிவந்தன. அவற்றில் ஒன்றில் பெங்களூரின் இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ஆய்வாளர்களின் உழைப்பு பெரியது. 30 வகை மாதிரிகளிலிருந்து 17,294 மரபணுக்களின் புரதங்களைப் பட்டியலிட்டார்கள். பெரும் சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் மூக்கில் வாசனையை உணர்கிற ஏற்பிப் புரதங்கள், மூக்குத் திசுவே இல்லாத அந்த மாதிரிகளில் கிடைத்ததாக இரண்டு வரைவுகளிலும் இருந்தது. அதே ஆண்டிலேயே வேறு ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டி, அந்த ஸ்பெக்ட்ரம்கள் நம்பத்தக்கவை அல்ல என்று சொன்னார்கள். பெரிய டேட்டாவில் புரத அளவு எஃப்டிஆரைத் தனியாகக் கட்டுப்படுத்தும் முறைகள் அதற்குப் பிறகு வேகமாக வளர்ந்தன. எனக்கு இந்தச் சம்பவம் மிகவும் பிடிக்கும். ஏனென்றால் பிழையைக் கண்டுபிடிக்க உதவியது சாதாரண உயிரியல் அறிவு: மூக்கு இல்லாத இடத்தில் மூக்கின் புரதம் எப்படி வரும்?

ஆகவே இரண்டு அளவிலும் 1 விழுக்காடு கேளுங்கள். அப்புறம் பட்டியலின் அடிவாரத்தில், ஒரே பெப்டைடால் தேறிய பத்துப் பதினைந்து பெயரை எடுத்து ஸ்பெக்ட்ரத்தைக் கண்ணால் பாருங்கள். ஏணி இருக்கிறதா, நடுவில் படிகள் விட்டுப்போயிருக்கின்றனவா, பெரிய சிகரங்கள் விளக்கமில்லாமல் நிற்கின்றனவா? கையால் கணக்குப் போட்ட சாயங்காலம் இங்கே கைகொடுக்கும்.

பெப்டைடிலிருந்து புரதத்துக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே பெப்டைடு இரண்டு மூன்று புரதங்களில் இருக்கலாம். ஓவல்புமினும் அதன் உறவுக்காரப் புரதங்களும் முட்டையில் சேர்ந்தே இருப்பவை. பிரிக்க ஆதாரம் இல்லாதபோது மென்பொருள் அவற்றை ஒரே புரதக் குழுவாகக் காட்டும். குழுவின் முதல் பெயரை மட்டும் எடுத்து எழுதுவது தவறு. இரண்டு உறவுகளில் எது கூடியது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு மட்டுமே சொந்தமான பெப்டைடை வைத்துச் சொல்லுங்கள்.

எவ்வளவு இருக்கிறது

எது இருக்கிறது என்பதைவிட, எது கூடியது, எது குறைந்தது என்பதே பெரும்பாலும் நமக்கு வேண்டும். வழிகள் மூன்று. குறியிடாமல் சிகரத்தின் பரப்பளவை ஒப்பிடுவது. டிஎம்டி போன்ற குறிகளை ஒட்டிப் பல சாம்பிள்களைக் கலந்து ஒன்றாக ஓட்டுவது. டிஐஏ முறையில் எதையும் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக உடைத்து அளப்பது. டிஎம்டியில் பக்கத்துப் பெப்டைடின் கலப்பால் வித்தியாசம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். டிஐஏ-வுக்கு டயா-என்என் என்ற மென்பொருள் நன்றாக இருக்கிறது. இப்போது புதிதாக டேட்டா எடுக்கப்போகிறவருக்கு டிஐஏ-வையே சொல்வேன். விடுபட்ட மதிப்புகள் அதில் குறைவு.

ஆனால் எந்த முறையும் காப்பாற்ற முடியாத தவறு ஒன்று உண்டு. அதை நானே செய்திருக்கிறேன். என் முதல் பெரிய ஆய்வில் கன்ட்ரோல் சாம்பிள்கள் எல்லாம் முதல் நாளும், மருந்து கொடுத்த சாம்பிள்கள் எல்லாம் நான்கு நாள் கழித்தும் ஓடின. நடுவில் குரோமட்டோகிராஃபி குழாயை மாற்றியிருக்கிறார்கள். நான் வரிசை கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. முடிவில் நூற்றுக்கணக்கான புரதங்கள் "மாறியிருந்தன". மருந்தால் மாறியதா, குழாயால் மாறியதா என்று பிரிக்க வழியே இல்லை. கணினியில் இரண்டு மாதம் போராடினேன். கடைசியில் சாம்பிள்களைத் திரும்ப எடுத்தோம்.

அதனால் ஓட்ட வரிசையை நீங்களே எழுதிக் கொடுங்கள். கன்ட்ரோலும் மருந்தும் குலுக்கிப்போட்டு மாறி மாறி வர வேண்டும். எல்லாச் சாம்பிளிலும் சிறிது எடுத்துக் கலந்த ஒரு பொதுச் சாம்பிளை ஐந்தாறு ஓட்டத்துக்கு ஒருமுறை நடுவில் ஓட்டச் சொல்லுங்கள். மெஷின் நழுவுகிறதா என்று அது காட்டிக்கொடுக்கும். ஒரே முட்டையை மூன்று தடவை ஓட்டினால் அது மூன்று முட்டை ஆகாது. மூன்று வெவ்வேறு கோழியின் முட்டை வேண்டும். ஆறு கிடைத்தால் இன்னும் நல்லது.

அளவீட்டைப் பழக 2016-இல் வெளிவந்த ஒரு பொது டேட்டா எனக்கு மிகவும் பிடித்தது. மனித, ஈஸ்ட், ஈ. கோலி புரதங்களைத் தெரிந்த விகிதத்தில் கலந்து இரண்டு சாம்பிள் செய்திருக்கிறார்கள். முதலாவதில் 65, 30, 5 விழுக்காடு. இரண்டாவதில் 65, 15, 20. மனிதப் புரதம் மாறக்கூடாது, ஈஸ்ட் பாதியாக வேண்டும், ஈ. கோலி நான்கு மடங்காக வேண்டும். உங்கள் வழிமுறை இந்த விடையைத் தருகிறதா என்று நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

புள்ளிவிவரம்

எண்களை முதலில் இரண்டின் மடக்கைக்கு மாற்றுங்கள். பெட்டிப் படம் வரைந்து எல்லாச் சாம்பிளின் நடுமதிப்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா பாருங்கள். ஒத்த சாம்பிள்களைப் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளாகக் காட்டும் முதன்மைக் கூறு வரைபடம் ஒன்று போடுங்கள். புள்ளிகள் ஓடிய நாள்வாரியாகப் பிரிந்து நின்றால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள்.

அப்புறம் காலிக் கட்டங்கள். புரோட்டியோமிக்ஸ் அட்டவணையில் இவை நிறைய இருக்கும். குறைவாக உள்ள புரதம்தான் அடிக்கடி விடுபடும், ஆகவே இவை தற்செயலானவை அல்ல. பெர்சியூஸ் மென்பொருள் இயல்பாக, உள்ள மதிப்புகளின் சராசரியிலிருந்து 1.8 திட்டவிலக்கம் கீழே தள்ளி, 0.3 அகலத்தில் எண்களை உண்டாக்கி நிரப்பும். வசதியானதுதான். ஆனால் மூன்று சாம்பிளும் காலியாக இருந்த இடத்தில் மூன்று எண்களை நாமே போட்டுவிட்டு, அதில் வித்தியாசம் கண்டுபிடித்தால் அந்த வித்தியாசம் நாம் போட்டது. குறைந்தது ஒரு குழுவிலாவது பெரும்பாலான சாம்பிள்களில் அளந்த புரதங்களை மட்டும் வைத்துக்கொண்டு, நிரப்பியும் நிரப்பாமலும் இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். இரண்டிலும் வருகிறதைத்தான் முன்னால் வைப்பேன்.

சோதனைக்கு ஆர் மொழியில் லிம்மா, அல்லது இந்தத் துறைக்கென்றே செய்த எம்எஸ்ஸ்டாட்ஸ். சாம்பிள் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது லிம்மா எல்லாப் புரதங்களின் சிதறலையும் சேர்த்துப் பார்த்து ஒவ்வொன்றின் சிதறலையும் நிதானப்படுத்துகிறது. சாதாரண டி சோதனையைவிட நம்பகமானது. 3,000 புரதங்களைச் சோதித்து 0.05 எல்லை வைத்தால், ஒன்றுமே மாறாத டேட்டாவிலும் சுமார் 150 புரதம் "மாறியதாக" வரும். பெஞ்சமினியும் ஹோக்பெர்க்கும் 1995-இல் கொடுத்த திருத்தத்தை அதனால்தான் போடுகிறோம்.

ஆய்வு முடிந்ததும் மூல ஃபைல்கள், ஃபாஸ்டா, அமைப்பு ஃபைல், மென்பொருளின் பதிப்பு எண் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு பிரைட்டில் ஏற்றுங்கள். பல ஆய்விதழ்கள் இதைக் கேட்கின்றன. ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது தேவைப்படும்.

தனியாகப் படிக்கச் சிரமமாக இருந்தால் என்பிடெல் தளத்தில் ஐஐடி பம்பாயின் புரோட்டியோமிக்ஸ் பாடங்கள் இலவசமாக உண்டு. கூடப் படிக்க ஒரு ஆள் தேடிக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரம் பார்ப்பது இரண்டு பேர் உட்கார்ந்து வாதாடும்போதுதான் நன்றாகப் படியும்.

அந்த நாமக்கல் பெண் தன் பட்டியலைத் திரும்ப ஓட்டினாள். கலப்படப் பட்டியலில் இருந்த லைசோசைமை எடுத்துவிட்டாள், புரத அளவு எல்லையை வைத்தாள், ஒற்றைப் பெப்டைடு பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிட்டது. முதலில் முகம் வாடித்தான் போனது. மறுவாரம் ஃபோனில், "அக்கா, 437.712-ஐ நானே கண்டுபிடிச்சுட்டேனுங்க, ஒய் ஆறு வரைக்கும் இருக்குதுங்க" என்றாள். இப்போது அடுத்த தொகுதி முட்டைகளுக்கான ஓட்ட வரிசையைக் குலுக்கிப்போட்டு ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறாள்.